பிள்ளை மடுவமும் விமான நிலையமும்

சசி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். வாயாலேயே சொல்லலாம்தான். ஆனால் அக்கரப்பத்தனையில் மழை பிடித்தால் சிக்னல் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. பாதிப் பேச்சில் அறுந்துபோனால் மீதியை நீ உன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். உன் கம்பெனி ஆப்பிரிக்காவில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டப் போகிறது. அதற்குத் தலைமைக் கட்டடக்கலைஞராக உன்னைப் போகச் சொல்கிறார்கள். நீயோ, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹட்டனில் சின்னதாக ஒரு ஆபீஸ் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்தில் இருந்துவிடலாமா என்று பார்க்கிறாய். "அப்பாவுக்கும் வயசாயிருச்சு, நானும் ஊர் ஊரா ஓடிக்கிட்டே இருக்கேன், என்ன செய்யட்டும்மா" என்றாய். அப்பா அன்றைக்கே தன் முடிவைச் சொல்லிவிட்டார். "வரச் சொல்லு. சுத்தினது போதும்" என்றார். என் முடிவு வேறு. அதற்கு முன் சில பழைய விஷயங்களைச் சொல்ல வேண்டும். பாதி உனக்கே தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அவை எப்படித் தெரிந்தன என்று உனக்குத் தெரியாது.

நீ கெம்பஸுக்கு எடுபட்டபோது, என்ன படிக்கப் போகிறாய் என்று எங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "கட்டடக்கலை" என்று அப்பா சொன்னதும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிரித்தார். "மேசன் வேலைக்குக் கெம்பஸ் எதுக்குய்யா?" என்று கேட்டார். அப்பாவுக்கு அன்று முழுக்கக் கோபம். தேயிலைத் தொழிற்சாலை லொறியை அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. நீ படிப்பை முடித்து, கொழும்பில் கொஞ்ச நாள் வேலை செய்து, துபாய்க்குப் போனாய். அங்கே ஒரு உயரமான கோபுரக் கட்டடத்தின் படத்தை அனுப்பினாய். நான் அப்போது பிள்ளை மடுவத்தில் ஆயம்மா. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்தக் கட்டடத்தில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. சாயங்காலம் குழந்தையைத் தூக்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினேன். "எப்ப கட்டி முடிப்பாங்க?" என்று கேட்டார்கள். அது கட்டி முடிக்கப்படவே இல்லை. முதல் போட்டவர்கள் பின்வாங்கிவிட்டார்கள், வரைந்தவர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோண்டிய குழி மட்டும் அங்கே கிடக்கிறது என்று ஒருநாள் நீயே சொன்னாய்.

வேலை இல்லாமல் வீட்டில் இருந்த அந்த மாதங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நீ பகலில் வெளியே போகமாட்டாய். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் யாராவது "லீவா தம்பி?" என்று கேட்பார்கள். "லீவுதான்" என்பாய். பிறகு அதைக் கேட்கிற ஆளே இருக்கக்கூடாது என்று ஆள் நடமாட்டமில்லாத நேரம் பார்த்துப் போவாய். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.

பிறகு அந்த மழை. பழைய பிள்ளை மடுவம் மண்மேட்டை ஒட்டிக் கட்டியது, வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். பல நாளாக மழை விடவில்லை. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு, தரையைத் துடைக்கக் குனிந்தேன். பின்சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அது எப்போதும் கசிவதுதான். அன்றைக்கு அது தெளிவாக இல்லை, செங்கல்லைக் கரைத்த மாதிரி வந்தது. என்னோடு வேலை செய்த ராணியைக் கூப்பிட்டேன். "ராணி, பிள்ளைகள எடு. கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுபோவோம்." அவள் ஏன் என்று கேட்கவில்லை. கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மழையில் ஓடினோம். யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாய். கடைசிப் பிள்ளையைத் தொட்டில் சேலையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தது நீதான். கொஞ்ச நேரத்தில் மண்மேடு இறங்கிவிட்டது. பின்சுவர் உள்ளே விழுந்து, சேறு ஜன்னல் உயரத்துக்கு நின்றது. மலையிலிருந்து தாய்மார் கூடையைக்கூட இறக்காமல் ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைக் கண்ட பிறகுதான் அழுதாள். நீ கொட்டகைத் தரையில் மடியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருந்தாய். மறுநாள் காலையில் நீ அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க நீ நடந்துபோனதை அன்றுதான் மறுபடி கண்டேன்.

புது மடுவத்துக்கு மண் சரியாத சமநிலம் ஒன்றுதான் இருந்தது. பையன்கள் வொலிபோல் விளையாடுகிற இடம். தோட்டத்தை நடத்துகிற தொரை அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், தோட்டத்துக்கு அதில் நஷ்டமில்லை. பையன்கள் விடவில்லை. முச்சக்கரவண்டி ஓட்டுகிற மோகன்தான் அவர்களுக்காகப் பேசினான். "அண்ணே, நீங்க கட்டிட்டுப் போயிருவீங்க. எங்களுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு எடந்தான்." எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் சாகப் பார்த்த பிறகும் இவர்களுக்குப் பந்து முக்கியமா என்று தோன்றியது. நீ கோபப்படவில்லை. "மழை பெஞ்சா எங்க நிப்பீங்க?" என்று கேட்டாய். "எங்கயும் நிக்கிறதில்ல, வீட்டுக்குப் போயிருவோம்" என்றான். நீ அவர்களோடு உட்கார்ந்தாய். மறுநாள் சாயங்காலமும் போனாய், அதற்கு அடுத்த நாளும் போனாய். படத்தை விரிப்பாய், அவர்கள் ஏதாவது சொல்வார்கள், வீட்டுக்கு வந்து அழித்து வரைவாய். கடைசியில் கட்டடத்தை நிலத்தின் ஓரத்துக்குத் தள்ளி, நீட்டுவாக்கில் திருப்பிவிட்டாய். வலை கட்டுகிற கம்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மைதானப் பக்கம் கூரையை நீட்டி இறக்கினாய். பகலில் பிள்ளைகளின் தாய்மாருக்கு நிழல், சாயங்காலம் பையன்களுக்கு உட்கார இடம். அத்திவாரம் வெட்ட முதலில் மண்வெட்டியோடு வந்தவன் மோகன்.

அதுவரை உன் வேலை என்றால் வரைவது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சாயங்காலங்களில்தான் விளங்கியது. ஒத்துக்கொள்ளாத ஆட்களோடு உட்கார்ந்திருப்பதும், வரைந்ததை அழிப்பதும், அழிக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருப்பதும்தான் அதில் பெரும்பங்கு. இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. என்னிடமிருந்தும் இல்லை, அப்பாவிடமிருந்து நிச்சயமாக இல்லை.

தூண்கள் எழும்பியிருந்தன, கூரை போடவில்லை. அப்போதுதான் வளைகுடாவில் வேறொரு நாட்டிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பெரிய விமான நிலையம், உடனே வந்து சேர வேண்டும் என்றார்கள். அன்று வீட்டில் நடந்த சண்டை பக்கத்து லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

"கூரையப் போட்டுட்டுப் போ" என்றார் அப்பா.

"அதுக்குள்ள வேற ஆளை எடுத்துருவாங்கப்பா. இது மறுபடி வராது."

"மழை வரப்போகுது. பிள்ளைக ராணி வீட்டு முன்னறையில அடைஞ்சு கெடக்குதுக. நீ ஏரோப்ளேன் ஏறப் போறேங்கிற."

நீ என்னைப் பார்த்தாய். "போ. நான் பாத்துக்கிறேன்" என்றேன். என்னத்தைப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸுக்குப் போவதற்கு முன் கட்டிலில் படத்தை விரித்து, எது சுவர், எது தண்ணீர் ஓடுகிற கான், எது கூரையின் சரிவு என்று காட்டினாய். பாதிதான் மண்டையில் ஏறியது. நீ போன பிறகு, "வேலை கெடைச்சதும் பறந்துட்டாரு" என்று சிலர் என் காதுபடவே சொன்னார்கள். கூரை ஏறினால் தானாக நிற்கும் பேச்சுதானே அது.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து சுனில் பாஸ் மேசன் வேலைக்கு வருவார். வேலை முடிகிற நேரம் நான் போனைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றுவேன். நீ அங்கே ஆபீஸில் இருந்துகொண்டு, "அம்மா, பின்பக்கம் காட்டுங்க. இன்னும் கீழ. கான் எங்க? கான் வெட்டலியா?" என்பாய். சுனில் பாஸ் எட்டிப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொல்வார். "கான் பொறகு வெட்டலாம் மஹத்தயா. மொதல்ல கூரை. மழை வருது." நீ "கான் இல்லாம கூரை போட்டா தண்ணி எல்லாம் அத்திவாரத்துக்குத்தான் போகும் பாஸ்" என்பாய். தமிழ் போதாதபோது அவர் எனக்குச் சிங்களத்தில் சொல்வதை நான் உனக்குத் தமிழில் சொல்ல, நீ சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் சொல்ல, இரண்டு பேரின் கோபமும் என் வாய் வழியாகவே போய் வந்தது. இருவரும் சொன்னது சரிதான். கடைசியில், "பாஸ் கூரை வேலையவே பாக்கட்டும்மா. கானுக்கு மோகன்கிட்ட நான் பேசுறேன்" என்றாய். பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கானை வெட்டினார்கள். தகரம் ஏறிய பிறகு பெரிய மழை வந்தது. சுனில் பாஸ் தாழ்வாரத்தில் நின்று பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் போனை வாங்கி, "மஹத்தயா, தண்ணி எல்லாம் கான்ல போகுது. ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகள் உள்ளே வந்த நாளன்று நீ போனில்தான் பார்த்தாய். யாருடைய பிள்ளையோ திரையில் உன் முகத்தை நக்கிவிட்டது.

அதற்குப் பிறகு விமான நிலைய வருடங்கள். அதற்குள் கவிதாவைக் கட்டினாய், மகளும் பிறந்தாள். அந்த வேலை மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது படம் மாறியிருக்கும். இடையில் உன் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து ஓர் அருங்காட்சியகத்துக்குப் போட்டி போட்டுத் தோற்றீர்கள். ஒரு ரயில் நிலையத்தை வரைந்து கொடுத்தீர்கள், வேறு ஆட்கள் வாங்கி அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டார்கள். நீ வரைந்தவற்றில் நிற்பவற்றைவிட நிற்காதவை அதிகம். அப்பா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "நான் லொறி ஓட்டினேன், சரக்கு போய்ச் சேந்துச்சான்னு அன்னைக்கே தெரியும். இவன் வேலையில அதுகூடத் தெரியாதே" என்பார். கடைசியில் விமான நிலையம் திறந்தது. டிவியில் காட்டினார்கள். உங்கள் கம்பெனிப் பெரியவரின் பெயரைச் சொன்னார்கள், உன் பெயரை எங்கும் சொல்லவில்லை. நான் உனக்குப் போன் எடுத்தபோது, "நூத்துக்கணக்கான பேர் சேந்து செஞ்சதும்மா, எல்லாப் பேரையும் சொல்ல முடியுமா" என்றாய். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அன்று சீக்கிரமே போனை வைத்துவிட்டாய்.

கீழ் லயத்துச் செல்வி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள் அல்லவா, அவள் போன மாதம் திரும்பி வந்தாள். என்னைப் பார்க்க வந்தபோது பயணத்தைப் பற்றிச் சொன்னாள். இடையில் ஒரு விமான நிலையத்தில் மாறி ஏற வேண்டும், அந்த விமானத்தை விட்டுவிட்டாளாம். அடுத்தது மறுநாள்தான். பாஷை தெரியாது, கையில் காசில்லை, எழுந்து போனால் திரும்பி வரும் வழி மறந்துவிடும் என்ற பயம்.

"எங்க படுத்த?" என்று கேட்டேன்.

"அங்க பொம்பளைக எல்லாம் படுத்திருந்தாங்கக்கா. நீட்டமா மெத்தை போட்ட மாதிரி எடம், நடுவுல கைப்பிடி ஒண்ணுமில்ல. படுத்துக்கிட்டே பாத்தா கக்கூஸும் தண்ணி பைப்பும் தெரியுது, தேடிப் போக வேண்டியதில்ல. விளக்கையும் மங்கலா வச்சிருந்தாங்க. எந்திரின்னு ஒருத்தரும் வெரட்டலக்கா."

எந்த ஊர் என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னாள். போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் காட்டினாள். அது உன் விமான நிலையம். அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நம்ம சசியா?" என்றாள். அந்தப் படத்தைத்தான் உனக்கு அனுப்பினேன். நீ வெகுநேரம் கழித்துப் போன் எடுத்தாய். அந்த இடத்தில் கடைகள் போட வேண்டும் என்று விமான நிலையக்காரர்கள் சொன்னதையும், நீ ஒரு வருடத்துக்கு மேல் சண்டை போட்டுப் பாதி இடத்தைக் கடைக்கு விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றியதையும் அன்றுதான் சொன்னாய். "நம்ம ஊருப் பொம்பளைங்க போற வழிம்மா அது. அவங்க ஹோட்டலுக்கா போவாங்க?" என்றாய். இவ்வளவு வருடம் நீ என்ன கட்டினாய் என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. செல்வியைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஹட்டனில் ஆபீஸ் போடுவது தாழ்ந்த வேலையில்லை. இந்தப் பக்கத்தில் கட்ட வேண்டியவை நிறைய இருக்கின்றன. உனக்கு அந்த ஆசை இருந்தால் வா, நானே வந்து கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கித் தருகிறேன். ஆனால் போனில் நீ பேசியபோது ஆசை எங்கும் கேட்கவில்லை. களைப்பு கேட்டது, எங்களைப் பற்றிய பயம் கேட்டது. களைப்புக்கு லீவு எடு. பயத்துக்கு மருந்து வேண்டுமென்றால், அப்பாவின் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது. யார் வீட்டுக் கோழி யார் தோட்டத்துக்குள் போகிறது என்று இங்கிருந்தே சொல்கிறார். மோகனின் வண்டி வாசலில் நிற்கிறது, கூப்பிட்டால் வருவான். எங்களுக்காக நீ ஒரு வேலையை விட்டால் அதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டி வரும். அது எனக்கு வேண்டாம்.

கவிதாவிடம் கேட்டாயா? எங்களிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். நீ கேட்டிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே கேட்டேன். "நான் வர்றேன் அத்தை. ஆனா இந்தத் தடவை நானும் வேலைக்குப் போகணும். வீட்டுல உக்காந்து அவர் வர்றதைப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றாள். உனக்காக அவள் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். கம்பெனிக்கு நீ போடுகிற நிபந்தனைகளில் முதலாவதாக இதைப் போடு. இந்த ஆஸ்பத்திரியும் பாதியில் நின்றுபோகலாம். அப்படி நின்றால் அதற்காக இன்னொரு தடவை இருட்டு அறையில் படுக்காதே. அங்கே உன்னோடு ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு வொலிபோல் மைதானம் இருக்கும். அது எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்.

இன்னொன்று. இதை நீ என்னிடம் சொன்னதில்லை, அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். நீ வந்துவிட வேண்டும் என்றே நின்ற மனிதர், முந்தாநாள் பால் வாங்கப் போய்விட்டு வந்து திடீரென்று சொன்னார். விமான நிலையம் கட்டும்போது, உன்னோடு வேலை செய்த ஒரு திருச்சிப் பக்கத்துப் பையனுக்குக் காய்ச்சல் என்று அவனைப் பார்க்கத் தொழிலாளர்கள் தங்கும் இடத்துக்குப் போனாயாம். நம் லயம் மாதிரியே வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே கதவு, பின்பக்கம் ஜன்னலே இல்லை, கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பைப். அங்கே நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் எடுத்து, "அப்பா, நான் லயத்துல நிக்கிறேன்" என்றாயாம். நீ சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டாய் என்று நினைத்து இவர் வாசலுக்கு ஓடியிருக்கிறார். அந்த இடத்தை வரைந்ததும் உன் ஆபீஸில் யாரோ ஒருவர்தான், அதை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, நீ மாற்றச் சொன்னபோது அது உன் வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றாயாம்.

இதைச் சொல்லிவிட்டு அப்பா பால் பாத்திரத்தைத் தேடி எடுத்தார். பிறகு, "இப்ப இவன்தானே தலைமை?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப ஆஸ்பத்திரி கட்ட வர்றவங்க எங்க படுப்பாங்கன்னு இவனைத்தானே கேப்பாங்க?"

"இவனைத்தான் கேப்பாங்க."

"சரி. அப்ப போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தார்.

என் பதிலும் அதுதான், சசி. போ. போனதும் ஆஸ்பத்திரியைத் தொடுவதற்கு முன் அந்த அறைகளை வரை. வேறு யாரிடமும் கொடுக்காதே. ஒவ்வொரு அறைக்கும் பின்பக்கத்திலும் ஒரு ஜன்னல் வை.

அம்மா